விரிசலைக் கண்டவர் சொல்ல வேண்டும்: சிறு விமானங்களின் கட்டாயச் சோதனைகள் குறித்து

2018 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டேடோனா பீச் விமான நிலையத்தில் ஒரு மாணவர் தம் உரிமத் தேர்வுக்காகப் பறந்துகொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் தேர்வாளர். ஓடுபாதையைத் தொட்டு உடனே மீண்டும் எழும் பயிற்சியை முடித்து விமானம் மேலேறியபோது இடது இறக்கை முறிந்து தனியே விழுந்தது. இருவரும் இறந்தார்கள். பைப்பர் பி.ஏ-28 குடும்பத்தைச் சேர்ந்த அந்த ஆரோ விமானம் 2007-ல் கட்டப்பட்டது. சிறு விமானங்களின் உலகில் பதினொரு ஆண்டு என்பது இளமை. அது எம்ப்ரி-ரிடில் வானூர்திப் பல்கலைக்கழகத்தின் விமானம். அங்கே சோதனைகள் தவணை தவறுவதில்லை.

விதிப்படி செய்ய வேண்டியவை எல்லாம் நடந்த விமானத்தில் இறக்கை எப்படி முறிந்தது? சிறு விமானங்களின் கட்டாயச் சோதனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க முடியாத கேள்வி இது. சோதனை முறை எப்படி அமைந்திருக்கிறது, ஆணைகள் எங்கிருந்து வருகின்றன, அவை காப்பாற்றிய இடங்கள் எவை, தவறவிட்ட இடங்கள் எவை, சோதனையே கேடாக மாறுவது எப்போது என்று இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. கட்டாய ஆணை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு ஹேங்கரில் யாரோ ஒருவர் கண்ட பழுதிலிருந்தோ, காணத் தவறிய பழுதிலிருந்தோ பிறக்கிறது. எனவே ஆணையை வாங்கி நிறைவேற்றுவதோடு ஒரு நாட்டின் கடமை முடிவதில்லை. தான் கண்டதை உரிய இடத்துக்குத் திருப்பிச் சொல்வதும் அந்தக் கடமையின் பாதி. சிறு விமானங்களின் பாதுகாப்பு இன்று தடுமாறுவது இந்த இரண்டாம் பாதியில்தான் என்பது என் முடிவு.

மூன்று அடுக்குகள்

சிறு விமானம் ஒன்றின் பராமரிப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, காலத்தையோ பறந்த மணிநேரத்தையோ கணக்கிட்டு வரும் வழக்கமான சோதனை. அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு விமானமும் 12 மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுச் சோதனைக்கு உட்பட வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கும், கட்டணப் பயிற்சிக்குப் பள்ளி தரும் விமானங்களுக்கும் ஒவ்வொரு 100 மணிநேரத்துக்கும் ஒரு சோதனை கூடுதலாக உண்டு. சோதனை நடக்கும் இடத்துக்குப் பறந்து போக வேண்டியிருந்தால் 10 மணிநேரம்வரை கூடுதலாகப் பறக்கலாம். அந்தக் கூடுதல் நேரம் அடுத்த 100 மணிநேரத்திலிருந்து கழிக்கப்படும். ஐரோப்பாவில் 2020 மார்ச் முதல் சிறு விமானங்களுக்கென்றே எளிமையான தனி விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அங்கும் 100 மணிநேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவே சோதனையின் குறைந்தபட்சத் தவணை.

இரண்டாவது, தயாரிப்பு நிறுவனம் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின். ஒரு பாகத்தில் கோளாறு தெரியவந்தால், எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று நிறுவனம் உரிமையாளர்களுக்கு எழுதுகிறது. அதன் தலைப்பில் ‘கட்டாயம்’ என்று அச்சிட்டிருந்தாலும், அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. விதி செய்யும் அதிகாரம் நிறுவனத்துக்குக் கிடையாது. எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டிய தவணையும் அப்படித்தான். பல லைக்கமிங் எஞ்சின்களுக்கு நிறுவனம் சொல்லும் 2,000 மணிநேரம் அல்லது 12 ஆண்டு என்ற அளவு, அங்கே தனியார் உரிமையாளருக்கு வெறும் பரிந்துரைதான்.

மூன்றாவது அடுக்குதான் அரசின் கட்டாய ஆணை. பறப்புத் தகுதி ஆணை என்று இதைச் சொல்லலாம், ஹேங்கர்களில் ‘ஏ.டி.’ என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும். ஒரு வகை விமானத்திலோ எஞ்சினிலோ புரொப்பல்லரிலோ ஆபத்தான நிலை இருக்கிறது, அதே வடிவமைப்பில் உருவான மற்றவற்றிலும் அது இருக்கவோ உருவாகவோ கூடும் என்ற இரண்டும் உறுதிப்படும்போது ஆணை பிறக்கிறது. அதை நிறைவேற்றாத விமானத்தை இயக்கக் கூடாது. மீறிப் பறந்தால் ஒவ்வொரு பறப்பும் தனித்தனி விதிமீறல். பழுது பார்க்கும் இடத்துக்கு ஒரே ஒருமுறை பறந்து செல்லச் சிறப்பு அனுமதி வாங்கலாம். ஆணை சொல்லும் வழிக்கு ஈடான வேறு பாதுகாப்பான வழி ஒருவரிடம் இருந்தால், அதை முன்வைத்து ஒப்புதல் கேட்கவும் விதியில் இடம் உண்டு.

ஆணையின் எண்ணே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். 2020-26-16 என்றால், 2020-ஆம் ஆண்டின் 26-ஆம் இருவாரத்தில் வந்த 16-ஆவது ஆணை. ஒவ்வோர் ஆணையும் எந்த மாடல்களுக்கு, எந்த வரிசை எண்களுக்குப் பொருந்தும், ஆபத்து என்ன, எத்தனை மணிநேரத்துக்குள் அல்லது நாட்களுக்குள் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று பத்தி பத்தியாகச் சொல்கிறது. வழக்கமாக முதலில் வரைவு வெளியாகும். உரிமையாளர்களும் பொறியாளர்களும் நிறுவனங்களும் கருத்துச் சொல்வார்கள். பிறகே இறுதி ஆணை. ஆபத்து உடனடியானதாக இருந்தால் கருத்துக் கேட்புக்குக் காத்திராமல் அவசர ஆணை பிறக்கும்.

முப்பத்தோரு ஆண்டு இடைவெளி

டேடோனா விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இடது இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரமான ஸ்பாரின் கீழ்ப்பட்டையில், உடலோடு இறக்கையை இணைக்கும் போல்ட் துளை ஒன்றில் உலோகச் சோர்வு விரிசலைக் கண்டது. ஒரே கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒரு கட்டத்தில் அது சொல்லாமல் ஒடிந்துவிடும். உலோகச் சோர்வும் அத்தகையதே. ஒருமுறை வரும் பெரும் சுமையைத் தாங்கிக்கொள்ளும் உலோகம், பல்லாயிரம் முறை வந்துபோகும் சிறு சுமைகளால் நுண்ணிய விரிசல் விட்டு, அந்த விரிசல் வளர்ந்து முறிகிறது. அந்த விமானம் 7,691 மணிநேரம் பறந்திருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டிய எண், அது 33,000-க்கும் மேற்பட்ட முறை தரையிறங்கியிருந்தது என்பது. அதே பள்ளியின் இன்னொரு விமானத்திலும் இதே இடத்தில் விரிசல் தென்பட்டது.

இந்தப் பலவீனம் புதிதாக வெளிப்பட்டதன்று. 1987 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்லின் அருகே, எண்ணெய்க் குழாய்வழிகளைத் தாழப் பறந்து கண்காணிக்கும் பணியில் இருந்த ஒரு பி.ஏ-28 விமானத்தின் இறக்கை இதேபோல் முறிந்திருந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அந்த ஆண்டே, இறக்கைகளைக் கழற்றிச் சோதிக்குமாறு ஆணையிட்டது. சோதித்த விமானங்களில் மிகச் சிலவற்றில்தான் விரிசல் இருந்தது. விபத்துக்குள்ளான விமானம் தாழப் பறந்து காற்றின் குலுக்கலை ஓயாமல் வாங்கியது, அதன் நிலை தனி என்ற எண்ணம் வலுத்தது. 1989-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே 1988-ல் பைப்பர் நிறுவனம், விமானம் எவ்வளவு கடுமையான வேலை செய்கிறது என்பதை வைத்து வகை பிரித்து, வகைக்கேற்ற சோதனைத் தவணைகளைச் சொல்லும் சர்வீஸ் புல்லட்டின் ஒன்றை வெளியிட்டிருந்தது. ஆனால் அது பரிந்துரையாகவே நின்றது.

1989-ல் எடுத்த முடிவை அன்றைய தகவலைக் கொண்டு பார்த்தால் அது பொறுப்பற்றதாகத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான இறக்கைகளைக் கழற்றி மாட்டுவதிலும் ஆபத்து உண்டு. பிழை வேறிடத்தில் இருந்தது. ‘கடுமையான வேலை’ என்றால் குழாய்வழிக் கண்காணிப்பும் அதுபோன்ற தாழ்ந்த பறப்பும்தான் என்ற நினைப்பு நிலைத்துவிட்டது. நாள் முழுதும் மாணவர்கள் மாறி மாறி ஏறி, மணிக்குப் பலமுறை தரையைத் தொட்டு எழும் பயிற்சிப் பறப்பும் அதே வகையில் உலோகத்தைச் சோர்வடையச் செய்யும் என்பதை யாரும் தொடர்ந்து எண்ணிக் கணக்கு வைக்கவில்லை. அந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால், 2018-க்கு முன்பே ஒரு பள்ளி அல்லது ஓர் ஆய்வாளர் அந்தத் துளையை உற்றுப் பார்த்திருக்க வாய்ப்பு இருந்தது.

2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2020-26-16 ஆணை இந்தப் பாடத்தைக் கணக்காக்கியது. விமானத்தின் வயதையோ மொத்த மணிநேரத்தையோ மட்டும் அது பார்ப்பதில்லை. எப்படிப் பறந்தது என்று பார்க்கிறது. ஒரு விமானத்துக்கு நடந்த 100 மணிநேரச் சோதனைகளின் எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கினால் வருவது அதன் வணிக, பயிற்சிப் பறப்பு நேரம். மீதி நேரம் சொந்த உபயோகம். அதை 17-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் வருவதே கணக்கில் கொள்ளும் உழைப்பு நேரம். அது 5,000-ஐத் தொடும்போது போல்ட் துளைகளைச் சுழல் மின்னோட்டச் சோதனை செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று விமானங்கள் தலா 6,000 மணிநேரம் பறந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானம் முழுக்க ஒரு குடும்பத்தின் சொந்த உபயோகத்தில் இருந்தது. அதன் கணக்கு ஏறத்தாழ 353 மணிநேரம். இரண்டாவதற்கு 20 முறை 100 மணிநேரச் சோதனை நடந்திருக்கிறது. அதன் கணக்கு 2,000 கூட்டல் 235, மொத்தம் 2,235. மூன்றாவது ஆரம்பம் முதல் பயிற்சிப் பள்ளியில். அதன் கணக்கு முழு 6,000. மூன்றுக்கும் லாக்புக்கில் ஒரே எண் நின்றாலும், சோதனைக்கு உடனே வர வேண்டியது மூன்றாவது மட்டுமே. முதல் விமானத்தின் உரிமையாளர் வீண் செலவிலிருந்தும், அவசியமின்றி இறக்கையைத் தொடும் ஆபத்திலிருந்தும் தப்புகிறார்.

சோதனையின் முறையும் மாறியது. மாற்று மின்னோட்டம் பாயும் சிறு சுருளைத் துளைக்குள் செலுத்தினால் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அவற்றின் பாதையைக் குலைக்கும். கருவியில் அது தெரிந்துவிடும். இறக்கையை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. உரிய போல்ட்டை எடுத்தால் போதும். ஆனால் இதைச் செய்பவர் அதற்கெனச் சான்று பெற்ற நிபுணராக இருக்க வேண்டும். முடிவு என்னவாக இருந்தாலும் எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிக்கை அனுப்பவும் இந்த ஆணை வற்புறுத்தியது. 1987-க்கும் 2020-க்கும் இடையே நடந்த மிக முக்கியமான மாற்றமாக நான் கருதுவது இந்தக் கடைசி வரியை.

இருக்கை, மேற்கூரை, புது எஞ்சின்

ஆணைகள் எல்லாம் இவ்வளவு நுட்பமான பழுதுகளுக்காக வருவதில்லை. செஸ்னா விமானங்களில் விமானியின் இருக்கை ஒரு தண்டவாளத்தில் முன்பின் நகரும். ஒரு முளை தண்டவாளத்தின் துளையில் இறங்கி இருக்கையைப் பூட்டும். ஆண்டுக் கணக்கில் புழங்கும்போது துளை தேய்ந்து நீள்கிறது, முளை வழுக்குகிறது. விமானம் எழும் நொடியில் இருக்கை பின்னே சரிந்தால், விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியும் அவரோடு பின்னே வருகிறது. மூக்கு செங்குத்தாக உயர்கிறது. வேகம் குறைந்து விமானம் விழுகிறது. இதற்காக 1987-ல் வந்த ஆணை, 2011-ல் திருத்தமாக மீண்டும் வந்தது. 150 முதல் 210 வரையிலான பல மாடல்களில், 100 மணிநேரம் அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை தண்டவாளம், துளை, முளை, உருளை எல்லாவற்றையும் அளந்து பார்க்கச் சொல்கிறது. மின் கருவிகள் தேவையில்லை, பெரும் செலவில்லை. அளவுகோலும் பொறுமையும் போதும். உயிர் காக்கும் ஆணைகளில் மலிவானவை இப்படிப்பட்டவையே.

செஸ்னா 210 வேறு கதை. இதன் பிந்தைய மாடல்களில் இறக்கைகளைக் கீழிருந்து தாங்கும் கம்பம் கிடையாது. அறையின் மேற்கூரைக்குள் குறுக்கே போகும் ஓர் உலோக உத்திரம் இரண்டு இறக்கைகளையும் இணைக்கிறது. 2019 மே 26 அன்று ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஐசா அருகே, தாழப் பறந்து நிலவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த இவ்வகை விமானம் ஒன்றின் இறக்கை பறப்பிலேயே பிரிந்தது. அதிலிருந்த இரண்டு விமானிகளும் இறந்தனர். அந்த உத்திரத்தில் அரிப்பால் உண்டான ஒரு சிறு குழியிலிருந்து விரிசல் தொடங்கியிருந்ததை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. 2020 தொடக்கத்தில் எஃப்.ஏ.ஏ. பிறப்பித்த ஆணை, உலகெங்கும் உள்ள இவ்வகை விமானங்களின் உத்திரத்தைக் கண்ணாலும் சுழல் மின்னோட்டத்தாலும் சோதிக்கச் சொன்னது. இங்கும் முடிவுகளை அனுப்பச் சொன்னது. ஒரு நாட்டின் வறண்ட சமவெளியில் நேர்ந்த விபத்து, வேறு நாடுகளின் விமானங்களில் விரிசல் வளருமுன் தேட வைத்தது. தகவல் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழைய விமானங்களுக்குத்தான் ஆணை என்ற எண்ணத்தை 2023 பிப்ரவரி கலைத்தது. கான்டினென்டல் எஞ்சின்கள் சிலவற்றில், கிராங்க் தண்டின் எதிர்எடைகளைப் பிடித்துவைக்கும் வளையங்கள் தொழிற்சாலையிலேயே சரியாகப் பொருத்தப்படவில்லை என்று தெரியவந்தது. அந்த வளையம் விலகினால் எஞ்சின் பறப்பிலேயே நின்றுவிடக்கூடும். எஃப்.ஏ.ஏ. உடனடி ஆணை பிறப்பித்தது. அதன் கூர்மை, புதிய எஞ்சின்களைக் குறிவைத்ததில் இருந்தது. 200 மணிநேரத்துக்கு மேல் ஓடியவை தம் நலத்தை ஓடிக் காட்டிவிட்டன என்பதால் அவற்றுக்கு நடவடிக்கை தேவைப்படவில்லை. அனுபவப்பட்ட எஞ்சினே நம்பகமானது என்று ஓர் அரசு ஆணையே சொன்ன இடம் இது.

சோதனையே கேடாகும்போது

‘அதிகம் சோதித்தால் அதிகப் பாதுகாப்பு’ என்று பலரும் நம்புகிறார்கள். ஆய்வுகள் இதை அப்படியே ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்களின் பராமரிப்பை சி.எச். வாடிங்டன் குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு 50 மணிநேரத்துக்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. எதிர்பாராத பழுதுகள், சோதனை முடிந்த உடனே உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லக் குறைந்து, அடுத்த சோதனைக்குப் பின் மீண்டும் எகிறின. நன்றாக இருந்ததைப் பிரித்துக் கோத்ததில் புதுக் கோளாறுகள் புகுந்திருந்தன. தவணைகளை நீட்டி, பயனற்ற வேலைகளை நீக்கியதும் பறக்கக் கிடைத்த நேரம் ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. போர் ரகசியமாக இருந்த இந்த ஆய்வு 1973-ல்தான் நூலாக வெளிவந்தது. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நவ்லனும் ஹீப்பும் எழுதிய அறிக்கையும் இதே திசையில் நின்றது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்கே, ‘இத்தனை மணிநேரத்தில் கழற்று’ என்ற வரம்பு பயன் தந்தது.

சிறு விமானங்களில் இந்தப் பிரச்சினை நேரடியாக வெடித்தது இ.சி.ஐ. நிறுவனத்தின் டைட்டன் சிலிண்டர்கள் விஷயத்தில். கான்டினென்டல் 520, 550 வரிசை எஞ்சின்களில் பொருத்தப்பட்ட இந்தச் சிலிண்டர்களில் விரிசலும் தலைப்பகுதி பிரிவதும் நேர்ந்ததால், 2013-ல் எஃப்.ஏ.ஏ. கடுமையான வரைவு ஆணை ஒன்றை முன்வைத்தது. சிலிண்டர்கள் பலவற்றை ஆயுள் முடியும் முன்பே கழற்ற வேண்டும் என்றது. உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன. விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே அந்த வரைவை ஆதரிக்க மறுத்தது. சிலிண்டர்களைக் கூட்டமாகக் கழற்றி மாட்டும்போது எஞ்சினின் இரு பாதிகளையும் இறுக்கும் நீண்ட போல்ட்கள் தளர்ந்து, தாங்கிகள் இடம்பெயரும் ஆபத்து உண்டு என்ற வாதம் வலுவாக இருந்தது. மூன்றாண்டு விவாதத்துக்குப் பின் 2016-ல் வந்த இறுதி ஆணை, வரைவைவிட மிதமாக இருந்தது. எதிர்ப்பவர்களின் கருத்தைக் கேட்பதற்கான அந்த வழி விதியில் இல்லாதிருந்தால், பாதுகாப்பின் பெயரால் புது ஆபத்துகள் பரவியிருக்கும்.

இங்கே பைப்பர் ஆணையையும் டைட்டன் வரைவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பைப்பர் ஆணை, எந்த விமானம் உண்மையில் சோர்ந்திருக்கிறது என்று பிரித்தறிந்து கைவைத்தது. டைட்டன் வரைவு, ஒரு முத்திரை பொறித்த எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தது. முதலாவதைக் கூர்மையாக்கியது தகவல். இரண்டாவதை மொட்டையாக்கியது தகவலின் பற்றாக்குறை.

லாக்புக் என்னும் சாட்சி

2020-26-16 ஆணையின் பொருந்தும் பட்டியலில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பராமரிப்புப் பதிவுகள் தொலைந்தோ அரைகுறையாகவோ உள்ள விமானங்களையும் அது தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. நியாயமான முடிவு. விமானம் எப்படி வாழ்ந்தது என்று காகிதம் சொல்லாவிட்டால், கடுமையாக உழைத்தது என்றே கொள்ள வேண்டும்.

இதனால் லாக்புக் வெறும் அலுவலகச் சடங்கு அன்று. சோதனையின் ஒரு கருவியே அது. எந்த ஆணை, எந்தத் தேதியில், எத்தனை மணிநேரத்தில், எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது, மீண்டும் வர வேண்டியது எப்போது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். ‘ஏ.டி. பார்க்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. எதைப் பார்த்தோம், எதைக் கண்டோம் என்று எழுதுகிற பொறியாளர், அடுத்து அந்த விமானத்தைத் தொடும் முகமறியாத சக பொறியாளருக்குக் கடிதம் எழுதுகிறார். பயிற்சி விமானங்களில் தரையிறங்கிய எண்ணிக்கையையும் தனியே எழுதிவைப்பது நல்லது. டேடோனா விமானத்தைப் பொறுத்தவரை மணிநேரத்தைவிட அந்த எண்ணே உண்மைக்கு அருகில் நின்றது.

சில விமானங்கள் இந்த ஆணைகளின் வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டில் கட்டிய பரிசோதனை வகை விமானங்களின் உடலுக்கு இந்த ஆணைகள் பொதுவாகப் பொருந்தா. ஆண்டுக்கொருமுறை நிலைமைச் சோதனை மட்டும் உண்டு. 2004-ல் வந்த இலகு விளையாட்டு விமான வகையில் பெரும்பாலும் தயாரிப்பாளரே பாதுகாப்பு உத்தரவை வெளியிடுகிறார். இந்த விமானங்களில் உரிமையாளரின் விழிப்பே கடைசி வேலி. அதனால் இவர்களிடையே கண்ட பழுதைப் பகிர்வது இன்னும் அவசியமாகிறது.

நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளும் 5,700 கிலோவும்

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இந்தக் கனவோடு போகும் பிள்ளைகளில் பலர் அந்த 200 மணிநேரத்தின் பெரும்பகுதியைச் செஸ்னா 152, 172, டயமண்ட் டி.ஏ-40 போன்ற விமானங்களில் கழிக்கிறார்கள். செஸ்னா 152-இன் தயாரிப்பு 1985-ல் நின்றுவிட்டது. எனவே இன்று பறக்கும் ஒவ்வொரு 152-உம் குறைந்தது நாற்பது ஆண்டு பழையது. வெயிலிலும் பருவமழை ஈரத்திலும், நாளுக்குப் பலமுறை தரையைத் தொட்டு எழும் கடும் உழைப்பு இந்த விமானங்களுடையது. இலங்கையின் ரத்மலானையில் இயங்கும் பயிற்சிப் பள்ளிகளின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று.

வடிவமைப்பு நாடு பிறப்பிக்கும் ஆணைகளை இந்தியப் பதிவு பெற்ற விமானங்களும் நிறைவேற்ற வேண்டும் என்பது இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. ஆண்டுதோறும் பறப்புத் தகுதி மறுஆய்வுச் சான்று வாங்க வேண்டும். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். ஆணை வரும் திசையில் ஏற்பாடு இருக்கிறது. திரும்பிப் போகும் திசையைப் பார்ப்போம். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8-ஆம் இணைப்பு, பதிவு நாடு தன் விமானங்களில் காணும் பழுது, கோளாறு பற்றிய தகவலை வடிவமைப்பாளருக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் விமானங்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயம் 5,700 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும். 172-ஐப் போல் நான்கு விமானங்களைச் சேர்த்து எடை போட்டாலும் அந்த அளவைத் தாண்டாது. அமெரிக்காவிலும் சான்று பெற்ற பழுதுபார்ப்பு நிலையங்கள் கடுமையான பழுதுகளை 96 மணிநேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தனியாக வேலை செய்யும் மெக்கானிக்கும் உரிமையாளரும் அனுப்புவது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது. மாணவர்கள் பறக்கும் விமான வகையில்தான் உலகத் தகவல் வலையின் கண்கள் பெரிதாக இருக்கின்றன.

இந்தியா வாங்கும் இடத்தில் மட்டும் இல்லை. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-3, 2000-ல் டி.ஜி.சி.ஏ. சான்று பெற்று இந்தியப் பறப்புக் கழகங்களுக்குப் போனது. அந்த விமானத்தின் உடலுக்கு இந்தியாவே வடிவமைப்பு நாடு. அதன் ரோடாக்ஸ் எஞ்சினுக்கு ஆஸ்திரியாவும், அதன் சார்பில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையும். ஒரே விமானத்தில் ஒரு பாதிக்கு நாம் ஆணையிடும் நாடு, மறு பாதிக்கு ஆணை பெறும் நாடு. ஹன்சாவின் புதிய வடிவம் உற்பத்திக்குப் போகும் இந்தக் காலத்தில், கழகங்களின் ஹேங்கர்களிலிருந்து வரும் சிறு பழுதுத் தகவல்களைச் சேர்த்து, பகுத்து, ஆணையாக்கும் திறனை நாம் வளர்த்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஐந்து வேலைகள் தெளிவாகின்றன. பயிற்சி விமானங்களில் தரையிறங்கிய எண்ணிக்கையைக் கட்டாயப் பதிவாக்க வேண்டும். ஆணைகள் மொத்த மணிநேரத்தை மட்டும் பார்க்காமல் விமானத்தின் உழைப்பு வகையைப் பார்த்துத் தவணை வகுக்க வேண்டும். சுழல் மின்னோட்டச் சோதனைக்கான கருவியையும் சான்று பெற்ற நிபுணரையும் சிறு பள்ளிகள் பல சேர்ந்து பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும்; ஆள் கிடைக்காத ஊரில் ஆணை காகிதமாகவே கிடக்கும். பழுதைக் கண்டு அறிக்கை எழுதும் பொறியாளருக்கு, விமானம் நின்றதால் நேர்ந்த நட்டத்துக்காகப் பள்ளியிடமிருந்து எந்தக் கேடும் வராது என்ற சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஐந்தாவதாக, 5,700 கிலோ என்ற குறைந்தபட்ச எல்லைக்குக் கீழேயும் பழுதுத் தகவல் வடிவமைப்பாளருக்குச் செல்வதை நம் அரசே உறுதிசெய்து, என்ன கண்டோம் என்பதை ஆண்டுதோறும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் 1934-இன் பழைய விமானச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதன்கீழ் விதிகள் புதுப்பிக்கப்படும் இந்தத் தருணமே மேற்சொன்னவற்றைச் சேர்க்க ஏற்ற நேரம். நம் பயிற்சி விமானங்கள் மற்ற எந்த வகைச் சிறு விமானத்தையும்விடக் கடுமையாக உழைக்கின்றன. அதனாலேயே அவற்றில் விரிசல் முதலில் தெரியும் வாய்ப்பும் அதிகம். அந்த விரிசலைக் காணும் பொறியாளர் எழுதும் ஒரு பக்க அறிக்கை, அதே வகை விமானத்தில் வேறொரு நாட்டில் ஏறப்போகும் மாணவரைக் காப்பாற்றும். அவர் எழுதுவதற்கு நேரமும் துணிவும் தருவதும், எழுதியதைப் படித்து உரிய இடத்துக்கு அனுப்புவதும் பள்ளிகளின், டி.ஜி.சி.ஏ.வின் பொறுப்பு.